ஹிண்டன்பர்க்: ஏமாந்த முதியவரா, தெரிந்தே கதவைத் திறந்தவரா?

கல்லணைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. நாலைந்து மாதமாக ஒரே ஆளைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். மனதில் சேர்ந்து போனதை இங்கே இறக்கி வைத்து, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

ஹிட்லரைச் சான்சலர், அதாவது அரசாங்கத் தலைவர், ஆக்கியவர் ஜெர்மனியின் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் என்று பள்ளியில் ஒரு வரி படித்திருப்போம். தள்ளாத வயது, கூட இருந்தவர்கள் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் கதை. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். இப்போது நம்ப முடியவில்லை.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1847 அக்டோபர் 2 அன்று போசன் நகரில் பிறந்தார். இன்று அது போலந்தில் இருக்கும் போஸ்னான். பிரஷ்யாவின் நிலக்கிழார் வம்சம், அப்பா ராணுவ அதிகாரி. 11 வயதிலேயே பையனை ராணுவப் பயிற்சிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். 1866 இல் ஆஸ்திரியாவுக்கு எதிரான கோனிக்ராட்ஸ் சண்டையில் ஒரு குண்டு அவர் தலைக்கவசத்தைத் துளைத்துத் தலையை உரசிக்கொண்டு போனது. அப்போது வயது 18. பிரான்ஸ் போரிலும் இருந்தார். 1871 ஜனவரி 18 அன்று வெர்சாய் அரண்மனையில் ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்டபோது, தன் படைப்பிரிவின் பிரதிநிதியாக அந்த மண்டபத்தில் நின்றார். அப்புறம் நாற்பது வருடம் அமைதிக்கால ராணுவம். 1911 இல் ஓய்வு பெற்று ஹனோவரில் குடியேறிவிட்டார்.

அதோடு முடிந்திருந்தால் அவர் பெயர் குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. 1914 ஆகஸ்ட் 22 அன்று தந்தி வந்தது: உடனே பணிக்குத் திரும்ப முடியுமா? "தயார்" என்பதுதான் பதில். விடியுமுன் ஹனோவர் ரயில் நிலையத்தில் நின்றார். புதிய சாம்பல் நிறச் சீருடை அவரிடம் இல்லை, பழைய நீலச் சீருடையைத்தான் போட்டிருந்தார். ரயிலில் வந்து இறங்கிய லுடென்டார்ஃப், அவருடைய படைத்தலைமை அலுவலராக நியமிக்கப்பட்டிருந்தவர், வணக்கம் வைத்தார். இருவரும் அதற்கு முன் சந்தித்ததே இல்லை. 66 வயதில், நடைமேடையில், இன்னொருவர் போட்டுவைத்த திட்டத்தைக் கேட்டுத் தலையசைத்தபடி தொடங்கியது அவருடைய இரண்டாவது வாழ்க்கை.

என் எண்ணம் இதுதான். இந்த மனிதருக்கு நாட்டைவிட, மன்னரைவிட, எதையும்விடப் பெரிது தன் பெயர். பெயருக்குக் கறை வரும் என்று தெரிந்த ஒவ்வொரு இடத்திலும் இன்னொருவரை முன்னால் தள்ளிவிட்டுத் தான் ஒதுங்கி நின்றிருக்கிறார். 1933 இல் நடந்தது அதே பழக்கத்தின் கடைசிக் கட்டம். தவறு என்றால் திருத்துங்கள்.

---

நிலவன்

நல்ல இழை அண்ணா. நான் போர் வரலாற்றுப் பக்கத்திலிருந்து வருகிறேன், அதனால் டானன்பர்க் சண்டையைச் சொல்லாமல் விட முடியாது.

கிழக்கு பிரஷ்யாவுக்குள் இரண்டு ரஷ்யப் படைகள் நுழைந்திருந்தன. வடக்கே ரென்னன்காம்ஃப், தெற்கே சாம்சோனோவ். ஜெர்மன் 8 ஆம் படையின் தளபதி பிரிட்விட்ஸ் கலங்கிப்போய், விஸ்துலா நதிக்குப் பின்னால் பின்வாங்கலாம் என்று தலைமையகத்துக்குச் சொன்னார். அவரைத் தூக்கிவிட்டுத்தான் ஹிண்டன்பர்க்கைக் கூப்பிட்டார்கள். அவர் போய்ச் சேருவதற்குள், படையின் செயல்பாட்டு அதிகாரி மாக்ஸ் ஹாஃப்மன் துருப்புகளை ரயிலேற்றித் தெற்கே திருப்பும் வேலையைத் தொடங்கிவிட்டார். ரஷ்யர்கள் வானொலிச் செய்திகளைச் சங்கேதம் இல்லாமல் வெளிப்படையாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எந்தப் படை நாளை எங்கே போகும் என்பது ஜெர்மானியர்களின் கையில் இருந்தது. ஆகஸ்ட் 26 முதல் 30 வரை நடந்த சண்டையில் சாம்சோனோவின் படை சுற்றி வளைக்கப்பட்டது. சுமார் 92,000 பேர் சிறைப்பட்டார்கள். சாம்சோனோவ் காட்டுக்குள் போய்த் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.

ஹிண்டன்பர்க் என்ன செய்தார் என்று கேட்டால், சண்டையின் நடுவே லுடென்டார்ஃப் பதறியபோது அசையாமல் நின்றார். ரென்னன்காம்ஃப் பின்னால் வந்துவிடுவாரோ என்று எல்லோரும் நடுங்கிய நேரம் அது. திட்டத்தை மாற்றவேண்டாம் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். திட்டம் போடுவது ஒரு திறமை என்றால், பொறுப்பைத் தோளில் வாங்கிக்கொண்டு அமைதியாக இருப்பதும் ஒரு திறமைதான். சண்டை தோற்றிருந்தால் பழி ஹாஃப்மன் மேல் விழுந்திருக்காது, இவர் மேல்தான் விழுந்திருக்கும். அந்த நியாயத்தையும் அவருக்குக் கொடுக்க வேண்டும்.

ஆனால் பெயர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. சண்டை நடந்தது ஆலன்ஸ்டைன், ஹோஹன்ஸ்டைன் ஊர்களைச் சுற்றி. டானன்பர்க் என்ற பெயரைத் தேடிப் பிடித்து வைத்தார்கள். 1410 இல் அதே வட்டாரத்தில் போலந்து, லித்துவேனியப் படைகளிடம் டியூட்டானிக் வீரர்கள் என்ற ஜெர்மன் சமயப் படை அமைப்பினர் தோற்றிருந்தார்கள். 504 வருடத்துப் பழிக்குப் பழி என்று மக்களிடம் சொல்ல அந்தப் பெயர் வசதியாக இருந்தது.

1915 செப்டம்பரில் பெர்லினில் அவருக்கு 12 மீட்டர் உயர மரச் சிலை வைத்தார்கள். மக்கள் காசு கொடுத்து ஆணி வாங்கி, ஏணி சாரத்தில் ஏறி அந்தச் சிலையில் அடிக்க வேண்டும். காசு போர் நிவாரண நிதிக்குப் போகும். குழந்தைகளைத் தூக்கிப் பிடித்து ஆணி அடிக்கவைத்த படங்கள் இருக்கின்றன. உயிரோடு இருந்த மனிதர், அவர் களத்தில் நிற்கும்போதே சிலையாகிவிட்டார்.

---

தேன்மொழி

அந்த ஆணிச் சிலையைப் பற்றி இப்போதுதான் முதல்முறை கேள்விப்படுகிறேன், நிலவன். நன்றி. படித்ததும் எனக்கு அடுத்த வருடம்தான் நினைவுக்கு வந்தது.

1916 ஆகஸ்ட் 29 அன்று ஹிண்டன்பர்க் தலைமைத் தளபதி ஆகிறார், லுடென்டார்ஃப் அவருக்கு வலக்கை. அதற்குப் பிறகு கெய்சர் பெயருக்குத்தான் மன்னர், நாட்டை நடத்தியது இந்த இருவரும். ஹிண்டன்பர்க் திட்டம் என்று ஒன்று போட்டார்கள். வெடிமருந்து உற்பத்தி இரண்டு மடங்கு, பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் மூன்று மடங்கு ஆக வேண்டும். அந்த டிசம்பரில் 17 வயதிலிருந்து 60 வயது வரை எல்லா ஆண்களும் போர்ப் பணி செய்தாக வேண்டும் என்று சட்டம். நிலக்கரி, ரயில் பெட்டி, ஆள் எல்லாம் ஆயுதத் தொழிற்சாலைக்குப் போனது. கடலில் பிரிட்டனின் முற்றுகை. உருளைக்கிழங்கு விளைச்சலும் அந்த வருடம் பொய்த்தது. மக்கள் மாட்டுக்குப் போடும் டர்னிப் வகைக் கிழங்கைத் தின்றார்கள். ரொட்டியிலும் அதுதான், சூப்பிலும் அதுதான், ஜாமிலும் அதுதான். அந்தக் குளிர்காலத்துக்கே 'டர்னிப் குளிர்காலம்' என்று பெயர் நின்றுவிட்டது.

அடுத்து 1917 பிப்ரவரி 1 முதல் கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போர். அமெரிக்கா உள்ளே வந்துவிடும் என்று சான்சலர் பெத்மன் ஹால்வெக் எச்சரித்தார். இருவரும் கேட்கவில்லை. ஏப்ரலில் அமெரிக்கா வந்தது. ஜூலையில் எச்சரித்தவருக்கே வேலை போனது, அதுவும் ராஜினாமா செய்துவிடுவோம் என்று இந்த இருவரும் கெய்சரை மிரட்டியதால்.

வென்ற சண்டை இவருடையது. வரிசையில் நின்ற பசி மட்டும் யாருடையது என்று தெரியாமலே போய்விட்டது. எனக்குக் கோபம் அங்கேதான்.

---

பழைய வாத்தியார்

முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். கல்லணைக்காரன் சொன்ன 'ஒதுங்கி நிற்கும் பழக்கம்' 1918, 1919 ஆண்டுகளில் அப்பட்டமாகத் தெரிகிறது. அதை வரிசையாகப் பார்ப்போம்.

1918 செப்டம்பர் 29. போர் தோற்றுவிட்டது, உடனே போர்நிறுத்தம் கேளுங்கள் என்று அரசாங்கத்திடம் சொன்னவர்கள் ஹிண்டன்பர்க்கும் லுடென்டார்ஃபும்தான். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 9, பெல்ஜியத்தில் ஸ்பா நகரம், ராணுவத் தலைமையகம். பெர்லினில் புரட்சி. படை இனி உங்கள் பின்னால் வராது என்று கெய்சரின் முகத்துக்கு நேரே யாராவது சொல்லியாக வேண்டும். பிரஷ்ய அதிகாரி ஒருவன் வாழ்நாளில் சொல்லக்கூடாத வார்த்தை அது. சொன்னவர் லுடென்டார்ஃபின் இடத்துக்கு வந்திருந்த க்ரோனர். ஹிண்டன்பர்க் அதே அறையில் பேசாமல் நின்றார். மன்னர் ஹாலந்துக்குப் போய்ச் சேர்ந்தார். மன்னரைக் கைவிட்டவன் என்ற பெயர் காலம் முழுக்க க்ரோனருக்கு.

நவம்பர் 11, காம்பியேன் காடு, ரயில் பெட்டி. போர்நிறுத்தத்தில் ஜெர்மன் தரப்பில் முதல் கையெழுத்து ஒரு தளபதியுடையது அல்ல. மையக் கட்சியைச் சேர்ந்த மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி போட்டார். நிபந்தனைகளைத் தளர்த்த முடியாவிட்டாலும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று அவருக்குத் தந்தி அனுப்பியது ராணுவத் தலைமை.

1919 ஜூன். வெர்சாய் ஒப்பந்தத்தை ஏற்பதா, மறுத்துச் சண்டை போடுவதா? தலைவர் எபர்ட் ராணுவத்தைத் தொலைபேசியில் கேட்கிறார். பதில் என்ன என்று ஹிண்டன்பர்க்குக்குத் தெரியும். அழைப்பு வரும் நேரத்தில் அவர் அறையைவிட்டு வெளியே போய்விட்டார், பதிலை க்ரோனர் சொல்லவேண்டியதாயிற்று என்று சொல்வார்கள்.

இப்போது நவம்பர் 18, 1919. தோல்விக்குக் காரணம் என்ன என்று விசாரிக்கும் நாடாளுமன்றக் குழுவின் முன் ஹிண்டன்பர்க் வருகிறார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. எழுதிக் கொண்டுவந்ததை வாசித்தார். ஜெர்மன் ராணுவம் உள்நாட்டினராலேயே முதுகில் குத்தப்பட்டது என்று ஓர் ஆங்கிலத் தளபதி சொன்னது சரிதான் என்றார். போர் தோற்றுவிட்டது என்று 14 மாதத்துக்கு முன் சொன்ன அதே மனிதர்.

நான் வகுப்பில் இந்த இடத்துக்கு வந்தால் தேதிகளை மட்டும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டுப் பேசாமல் நிற்பேன். பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். எர்ட்ஸ்பெர்கரை 1921 ஆகஸ்டில் இரண்டு முன்னாள் அதிகாரிகள் கருங்காட்டில் சுட்டுக் கொன்றார்கள். கையெழுத்துப் போட்ட துரோகியாம்.

---

நிலவன்

சார், அந்த வரிசைக்கு என்னிடம் பதில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 1925 முதல் 1930 வரை உள்ள காலத்தை யாரும் பேசுவதில்லை. எபர்ட் 1925 பிப்ரவரியில் இறந்தார். ஏப்ரல் 26 அன்று இரண்டாம் சுற்றில் ஹிண்டன்பர்க்குக்கு 48.3 சதவீதம், மையக் கட்சியின் மார்க்ஸுக்கு 45.3. கம்யூனிஸ்ட் தேல்மன் 19 லட்சம் வாக்கு வாங்கினார். வித்தியாசமோ 9 லட்சம்தான். பவேரியாவின் கத்தோலிக்கக் கட்சி தன் மதத்துக்காரரான மார்க்ஸை விட்டுவிட்டுப் புராட்டஸ்டன்டு தளபதிக்கு ஆதரவு கொடுத்ததும் சேர்ந்துகொண்டது. அப்போது அவருக்கு 77 வயது.

குடியரசு போச்சு, மன்னராட்சி திரும்பப் போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்படி நடக்கவில்லை. அரசியல் சட்டத்தின் மீது உறுதிமொழி எடுத்தார், அதன்படியே நடந்தார். அவர் காலத்தில்தான் ஜெர்மனி 1926 இல் சர்வதேச சங்கத்தில் சேர்ந்தது. 1930 மார்ச்சில், ஜெர்மனி கட்டவேண்டிய போர் இழப்பீட்டை வரையறுத்த யங் திட்டத்துக்கான சட்டத்தில், தன் பழைய நண்பர்கள் எல்லாம் துரோகி என்று ஏசியும் கையெழுத்துப் போட்டார். பெயர்தான் முக்கியம் என்றால் அன்று போட்டிருப்பாரா?

---

கல்லணைக்காரன்

யங் திட்டக் கையெழுத்து உண்மை, நிலவன். அதை நான் சேர்த்திருக்க வேண்டும். அவருக்கு வலித்த கையெழுத்து அது, போட்டார்.

அதே மார்ச்சில் வேறு என்ன நடந்தது என்றும் பாருங்கள். வேலையில்லாதோர் காப்பீட்டுக்கு யார் எவ்வளவு கட்டுவது என்ற சண்டையில் ஹெர்மன் முல்லரின் கூட்டணி அரசு 27 ஆம் தேதி கவிழ்ந்தது. 30 ஆம் தேதி ஹிண்டன்பர்க் ப்ரூனிங்கைச் சான்சலராக்கினார். நாடாளுமன்றப் பெரும்பான்மை தேவையில்லை, என் அதிகாரத்தை வைத்து ஆட்சி செய் என்ற ஏற்பாடு. அரசியல் சட்டத்தின் 48 ஆம் பிரிவு நெருக்கடி ஆணை பிறப்பிக்கவிட்டது. 25 ஆம் பிரிவு நாடாளுமன்றத்தைக் கலைக்கவிட்டது. 53 ஆம் பிரிவு சான்சலரை நியமிக்கவிட்டது. மூன்றையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்தார். 1930 இல் 5 நெருக்கடி ஆணைகள், 1931 இல் 44, 1932 இல் 66. அந்த 1932 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் வெறும் 5. ஆணையை எதிர்த்ததற்காக 1930 ஜூலையில் சபையைக் கலைத்தார். செப்டம்பர் தேர்தலில் நாஜிகள் 12 இடத்திலிருந்து 107க்குத் தாவினார்கள். குடியரசை உள்ளே இருந்து வெறும் கூடாக்கியது ஹிட்லர் வருவதற்கு முன்பே நடந்துவிட்டது.

நொய்டெக் பண்ணையையும் சொல்லவேண்டும். 80 ஆவது பிறந்தநாளுக்கு, குடும்பத்தின் கைவிட்டுப்போன பண்ணையை நிலக்கிழார்களும் தொழிலதிபர்களும் பணம் சேர்த்து வாங்கிக் கொடுத்தார்கள். பத்திரம் மகன் ஆஸ்கர் பெயரில் எழுதப்பட்டது, அப்பா இறந்தால் வாரிசு வரி கட்டவேண்டாம் என்பதற்காக. அதற்குப் பிறகு கோடை வந்தால் அங்கேதான் தங்குவார். சுற்றிலும் கடனில் மூழ்கிய நிலக்கிழார்கள். காலையில் யார் வந்து என்ன சொன்னார்கள் என்பது மாலையில் பெர்லின் அரசியலாகும்.

---

வடலி

வணக்கம். நான் ஜெர்மனியில் இருக்கிறேன், வந்து முப்பது வருடத்துக்கு மேல். இங்கே ஹிண்டன்பர்க் பெயரில் தெரு வைத்த ஊர்கள் பல. சில ஊர்களில் மாற்றிவிட்டார்கள், சில ஊர்களில் இன்னும் சண்டை நடக்கிறது. வடக்கே சில்ட் தீவுக்கு ரயில் போகும் கடல் அணைக்கும் அவர் பெயர்தான்.

ரூர் பக்கத்தில் வேலை செய்த காலத்தில் எனக்கு வீட்டு உரிமையாளராக இருந்தவர் ஒரு வயதான ஜெர்மானியர், சுரங்கத் தொழிலாளர் குடும்பம். ஒருநாள் மாலை கதைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: தன் தகப்பனார் வாழ்நாள் முழுக்க சமூக ஜனநாயகக் கட்சிக்காரர், முதுகில் குத்திய கதையைக் கேட்டாலே மேசையில் அடிப்பார். அப்படிப்பட்ட மனிதர் 1932 இல் இரண்டு தரமும் ஹிண்டன்பர்க்குக்கு வாக்குப் போட்டாராம். கட்சி அப்படிச் சொன்னது. ஹிட்லரைத் தோற்கடிக்க வேறு ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து கையைக் கழுவினார் என்று தாயார் சொன்னதாக அவர் சொல்லும்போது முகம் மாறிவிட்டது.

1925 ஐயும் 1932 ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விசயம் விளங்கும். 1925 இல் அவருக்குப் போட்ட வடக்குப் புராட்டஸ்டன்டு ஊர்கள் 1932 இல் ஹிட்லருக்குப் போட்டன. 1925 இல் எதிர்த்த கத்தோலிக்கரும் தொழிலாளரும் இந்தத் தரம் அவரைத் தூக்கிவிட்டார்கள். ஏப்ரல் 10 அன்று அவருக்கு 53 சதவீதம், ஹிட்லருக்கு 36.8. அந்த வெற்றியில் அவருக்குச் சந்தோசம் இல்லை. தன் சனம் தன்னை விட்டுப் போய்விட்டது, தனக்குப் பிடிக்காத சனம் தன்னைத் தெரிவு செய்துவிட்டது என்ற கசப்பு. அந்தத் தேர்தலுக்காக ஊர் ஊராகப் போய் இராப்பகலாகப் பேசியவர் ப்ரூனிங். 50 நாளில், மே 30 அன்று, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். திவாலான பண்ணைகளை எடுத்து நிலமற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் திட்டம் ஒன்று இருந்தது. நொய்டெக்கில் அது பிடிக்கவில்லை.

---

தேன்மொழி

வடலி, அந்தக் கை கழுவிய இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு கேள்வி. 1932 ஆகஸ்ட் 13 அன்று ஹிட்லர் நேரில் வந்து முழு அதிகாரம் கேட்டபோது, கடவுளுக்கும் மனசாட்சிக்கும் நாட்டுக்கும் முன்னால் என்னால் கொடுக்க முடியாது என்ற ரீதியில் இதே ஹிண்டன்பர்க் மறுத்து அனுப்பினார். ஹிட்லரைப் பொஹீமியக் கார்ப்பரல் என்றுதான் சொல்வாராம். ஐந்தரை மாதத்தில் என்ன மாறியது? நாஜிகள் வளர்ந்தார்களா என்றால் அதுவும் இல்லையே. ஜூலையில் 230 இடம், நவம்பரில் 196 ஆகக் குறைந்தது.

---

பழைய வாத்தியார்

சரியான இடத்தில் கை வைத்தாய் அம்மா. அவர்கள் இறங்குமுகத்தில் இருந்த நேரத்தில்தான் கதவு திறந்தது.

ப்ரூனிங்கை அடுத்து பாப்பன், டிசம்பரில் ஜெனரல் ஷ்லைகர். பதவி போன பாப்பனுக்கு ஷ்லைகர் மேல் வஞ்சம். 1933 ஜனவரி 4 அன்று கோலோனில் ஒரு வங்கியாளர் வீட்டில் பாப்பனும் ஹிட்லரும் ரகசியமாகச் சந்தித்தார்கள். ஜனவரி 22 இரவு பெர்லின் டாலெமில் ரிப்பன்ட்ராப் வீட்டில் அடுத்த சந்திப்பு. அதற்குத் தலைவரின் மகன் ஆஸ்கரும், அலுவலகச் செயலாளர் மைஸ்னரும் போனார்கள். ஹிட்லர் ஆஸ்கரைத் தனியறைக்கு அழைத்துப் பேசினார். உள்ளே என்ன பேசினார்கள் என்பது அவர்கள் இருவருக்கும்தான் வெளிச்சம். அதே மாதத்தில் கிழக்குப் பண்ணைகளுக்குக் கொடுத்த அரசு நிவாரணப் பணத்தில் நடந்த ஊழல் நாடாளுமன்றக் குழுவில் கிளறப்பட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சு நொய்டெக் வாசல்வரை வந்தது.

பாப்பன் கொண்டுவந்த யோசனை ஹிண்டன்பர்க்குக்கு ஏன் இனித்தது என்பதைப் பாருங்கள். ஹிட்லர் சான்சலர், ஆனால் அமைச்சரவையில் அவரோடு சேர்த்து நாஜிகள் மூவர்தான். பாப்பன் துணைச் சான்சலர். ராணுவம் தனக்கு வேண்டிய தளபதி ப்ளோம்பர்க் கையில். பெரும்பான்மை அரசு வந்துவிட்டால் ஆணைக்கு மேல் ஆணையாகத் தினமும் தன் கையெழுத்துப் போய்க்கொண்டிருக்க வேண்டாம். சட்டத்தை மீறினார் என்று யாரும் தன்மேல் வழக்குப் போட முடியாது. 1932 முழுக்க அவரை அரித்துக்கொண்டிருந்த பயம் அது. ஆக, பொறுப்பு இன்னொருவர் தோளுக்குப் போகிறது. கல்லணைக்காரன் சொன்ன பழக்கம்தான்.

ஜனவரி 30 முற்பகலில், பதவிப் பிரமாணத்துக்கு நேரம் குறித்துவிட்டு அவர் காத்திருக்கிறார். பக்கத்து அறையில் ஹிட்லரும், அமைச்சரவையில் சேரவிருந்த ஜெர்மன் தேசிய மக்கள் கட்சித் தலைவர் ஹூகன்பர்க்கும் புதுத் தேர்தல் வைப்பதா வேண்டாமா என்று சண்டை. தலைவரைக் காக்கவைப்பது முறையல்ல என்று மைஸ்னர் அவசரப்படுத்துகிறார். சண்டை முடியாமலே உள்ளே போனார்கள், பிரமாணம் எடுத்தார்கள். ஒரு முதியவரைக் காக்கவைக்கக் கூடாது என்ற மரியாதையில், ஹூகன்பர்க் கடைசியாகப் பிடித்துக்கொண்டிருந்த மறுப்பும் நழுவிப் போனது.

---

நிலவன்

சார், நீங்கள் சொல்வதைப் படித்தபின்பும் ஒரு விஷயம் உறுத்துகிறது. 85 வயது. வருவோர் போவோர் எல்லாம் சொந்த லாபத்துக்குப் பேசுகிறார்கள். ஏமாற்றப்பட்டார் என்பதில் ஒரு துளிகூட உண்மை இல்லையா?

1933 ஏப்ரல் 4 அன்று அவரே ஹிட்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். போர்முனையில் சண்டையிட்ட யூத நீதிபதிகள், வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள் வேலையைவிட்டுத் துரத்தப்படுவது பொறுக்க முடியாதது, ஜெர்மனிக்காக ரத்தம் சிந்தத் தகுதி இருந்ததென்றால் தொழில் செய்யவும் தகுதி உண்டு என்று. மூன்று நாளில் வந்த அரசு ஊழியர் சட்டத்தில் முன்னாள் போர்வீரர்களுக்கு விலக்கு கிடைத்தது. எதிர்த்துப் பேசிய ஒரே ஒரு மேலிடம் அது.

---

கல்லணைக்காரன்

அந்தக் கடிதத்தை நானும் பலமுறை படித்தேன் நிலவன். அதுதான் என்னை மாற்றியதே. என்ன நடக்கிறது என்று தெரியாத மனிதர் அப்படி எழுத முடியாது. யார் எங்கே துரத்தப்படுகிறார்கள் என்று தொழில் வாரியாகத் தெரிந்திருக்கிறது. ஹிட்லரிடம் கேட்டால் நடக்கும் என்றும் தெரிந்திருக்கிறது. கேட்டார், நடந்தது. கேட்டது தன் பழைய படைவீரர்களுக்கு மட்டும். மற்ற யூதர்களைப் பற்றி அதில் ஒரு முறையீடு இல்லை. 

பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாள் பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, கூடும் உரிமை எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும் ஆணையில் கையெழுத்திட்டவர் ஹிண்டன்பர்க். மார்ச் 21 அன்று போட்ஸ்டாம் காரிசன் தேவாலயத்தில் முழுச் சீருடையில், கையில் மார்ஷல் கோலோடு வந்து, நாடுகடந்த கெய்சருக்காக ஒதுக்கி வைத்திருந்த காலி நாற்காலிக்கு வணக்கம் வைத்தார். வால் கோட்டு அணிந்த ஹிட்லர் குனிந்து அவர் கையைப் பிடிக்கும் படம் ஊர் முழுக்கப் பரவியது. நிலவன் சொன்ன மரச் சிலைக்குச் செய்ததைத்தான் அன்று நாஜிகளும் செய்தார்கள், இந்த முறை ஆணி அவர்களுடையது. இரண்டு நாளில், நாடாளுமன்றம் இல்லாமலே சட்டம் போடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கும் அதிகாரமளிப்புச் சட்டம் நிறைவேறியது. எதிர்த்தவை சமூக ஜனநாயகவாதிகளின் 94 வாக்குகள் மட்டும். வடலி சொன்ன தகப்பனார் தேர்ந்தெடுத்தவர்கள்.

1934 ஜூன் 30 அன்று ஹிட்லர் தன் எதிரிகளை ஒழிக்க நடத்திய படுகொலைகளில் ஷ்லைகரையும் அவர் மனைவியையும் வீட்டுக்குள்ளேயே சுட்டார்கள். ஷ்லைகர் ஹிண்டன்பர்க்கின் அதே 3 ஆவது காவலர் படைப்பிரிவில் வளர்ந்தவர், ஆஸ்கரின் நண்பர். ஹிண்டன்பர்க் பெயரில் ஹிட்லருக்குப் பாராட்டுத் தந்தி போனது. அப்போது உடம்பு மிகவும் மோசம். தந்தியை யார் எழுதினார்கள் என்று வாதாடலாம், அந்த இடத்தில் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. மற்ற இடங்களில் பிடிக்கிறேன்.

---

தேன்மொழி

அமெரிக்காவில் எரிந்து விழுந்த ஆகாயக் கப்பலுக்கு வைத்ததும் இவர் பெயர்தானே?

---

நிலவன்

ஆமாம். 1937 மே 6, நியூ ஜெர்சி மாநிலத்தில் லேக்ஹர்ஸ்ட். 36 பேர் இறந்தார்கள். ஹிண்டன்பர்க் இறந்து மூன்று வருடம் ஆகியிருக்கவில்லை. இன்று உலகத்தில் அவர் பெயரைக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு அந்த நெருப்புதான் நினைவுக்கு வரும்.

---

வடலி

கடைசிக் காலத்தையும் எழுதிவிடுகிறேன், அந்த இடத்துக்கு நான் போயிருக்கிறேன்.

1934 ஆகஸ்ட் 2 காலை நொய்டெக்கில் இறந்தார், வயது 86. அவர் உயிரோடு இருக்கும்போதே, ஆகஸ்ட் 1 அன்று, தலைவர் பதவியையும் சான்சலர் பதவியையும் ஒன்றாக்கிச் சட்டம் போட்டுவிட்டார்கள். இறந்த அன்றே ராணுவம் முழுக்க ஹிட்லரின் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தது. 19 ஆம் தேதி பொதுவாக்கெடுப்பு.

தன் பண்ணையில் அமைதியாக அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று விரும்பியவரை, ஆகஸ்ட் 7 அன்று டானன்பர்க் நினைவுக் கோட்டையில் பெரிய விழா எடுத்து வைத்தார்கள். மனைவி கெர்ட்ரூட் 1921 இல் இறந்தவர், அவருடைய பெட்டியையும் அங்கே கொண்டுவந்தார்கள். 1945 ஜனவரியில் ரஷ்யப் படை நெருங்கியதும் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு போய், கோட்டையை ஜெர்மன் படையே வெடிவைத்து உடைத்தது. பெட்டிகள் துரிங்கியாவில் பெர்ன்டெரோடே உப்புச் சுரங்கத்துக்குள் மறைத்து வைக்கப்பட்டன, பக்கத்தில் பிரஷ்ய மன்னர் மகா பிரெடெரிக்கின் பெட்டியும் அவர் தந்தையின் பெட்டியும். ஏப்ரல் கடைசியில் அமெரிக்கச் சிப்பாய்கள் கண்டுபிடித்தார்கள். 1946 ஆகஸ்டில் ஓர் இரவு, சத்தமில்லாமல், மார்பர்க் நகரின் எலிசபெத் தேவாலயத்தில் வைத்தார்கள்.

நாலு வருடத்துக்கு முன் மகளோடு போனேன். புனித எலிசபெத்தைப் பார்க்க வருகிற சனம்தான் அதிகம். இவர் இருப்பது வடக்குக் கோபுரத்தின் அடியில், வாசலுக்குப் பக்கத்தில். தெரிந்து தேடினால்தான் காணலாம். வெளிச்சம் போட்டு வைப்பதில்லை. கண் பழகக் கொஞ்ச நேரம் எடுத்தது. மகள் இங்கே பிறந்தவள், பள்ளியில் இவரைப் பற்றி நிறையப் படித்திருக்கிறாள். குனிந்து பெயரை வாசித்துவிட்டு, "பக்கத்தில் இருப்பது யார்?" என்று கேட்டாள். மனைவி என்றேன். இருவரும் ஒருவரோடொருவர் இவ்வளவு ஊர் சுற்றினார்களா என்று கேட்டாள். உயிரோடு இருந்த காலத்தில் இல்லை என்று சொன்னேன்.

---

கல்லணைக்காரன்

வடலி, படம் இருந்தால் போடுங்கள். பெர்லின் நகரம் 2020 இல் அவரைக் கௌரவக் குடிமக்கள் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்கு முன் நடந்த விவாதங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.

---

வடலி

அன்றைக்கு எடுத்த படத்தில் இருட்டில் ஒன்றும் விழவில்லை. மகள் இப்போது மார்பர்க்கில்தான் படிக்கிறாள், அடுத்த கிழமை அவளிடம் போகிறேன். பகல் நேரம் பார்த்துப் போய், எழுத்து தெரிகிற மாதிரி எடுத்துப் போடுகிறேன்.